அப்பவே சாப்பிட்டவர்கள்

பதினோரு வீடும் ஒரு குழாயும் மூன்று கக்கூசும் கொண்ட எங்கள் காம்பவுண்டில், தீபாவளி போனஸ் கைக்கு வந்த சூடு ஆறுவதற்குள் பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்து, வாரத்தில் ஆறு நாள் ஓடிய மிஷின்கள் நாலு நாளாகி, நாலும் மூன்றாகி, 'கடல் தாண்டிப் பனியன் வாங்கறவனே இப்பக் கையக் கட்டிட்டு நிக்கறானாம்' என்று டீக்கடையில் ஆளாளுக்குப் பேசிக்கொண்ட அந்தக் கார்த்திகை மாதத்தில், ஏழாம் நம்பர் வீட்டுத் துளசிமணி, புருஷனுக்கும் மகளுக்கும் சோறு போட்டுவிட்டுக் காலிக் குண்டாவில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, 'நான் அப்பவே சாப்ட்டேன்' என்று எல்லா நாளும் சொல்கிற பொய்யை அன்றைக்கும் சொன்னாள், சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

நிறைந்தது என்றால், கல்யாணப் பந்தியில் பாயசம் வரைக்கும் இருந்து எழுந்தவளுக்கு நிறைவதுபோல் நிறைந்தது. அடிவயிற்றிலிருந்து ஓர் ஏப்பம் கிளம்பி வந்து, சுவரோரம் சாய்ந்து செல்போன் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் சென்னியப்பனே தலையைத் தூக்கும்படி சத்தமாக வெளியேறியது. 'நல்ல சாப்பாடாட்ட இருக்குது' என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி குனிந்துகொண்டார். கட்டிங் மாஸ்டர் சென்னியப்பனைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார். 'சாப்ட்டியா' என்று பெண்டாட்டியைத் தினமும் கேட்பார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை கேட்பார், பதில் வந்ததும் அடுத்த கவளத்துக்குப் போய்விடுவார்.

மறுநாள் காலை குழாயடியில் துளசிமணி இதைச் சொன்னபோது நாங்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஆச்சரியப்படுவதற்கு நேரம் வேண்டும், எங்களுக்கோ தண்ணீர் முக்கால் மணி நேரம்தான் வரும்.

'ருசி எப்படி இருந்துச்சு துளசி?' என்று மட்டும் நான் கேட்டேன்.

'ருசி ஒண்ணும் இல்லீங்க்கா. வயிறு மட்டும் திம்முனு இருக்குது. காத்தால எந்திரிச்சும் பசிக்கல.'

என் பெயர் சம்பூரணம். கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனைப் பலகையில் விரித்து ஓட்டை, கறை, நூல் விட்ட இடம் எங்கே என்று பார்த்துச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவது என் பிழைப்பு. பத்தொன்பது வருஷமாகக் குற்றம் கண்டுபிடித்தே சோறு தின்றவள் நான். அப்படிப்பட்ட நானும் அன்று ராத்திரி, வீட்டுக்காரருக்கும் இரண்டு பையன்களுக்கும் போட்டு முடித்தபின் குண்டாவில் இரண்டு வாய்ச் சோறு மிஞ்சியிருக்க, அதையும் பெரியவன் தட்டில் தள்ளிவிட்டு, 'நான் அப்பவே சாப்ட்டேன்டா' என்றேன். வயிறு திம்மென்று ஆனது. எட்டாம் நம்பரில் ஏப்பம் கேட்டது, மூன்றாம் நம்பரில் கேட்டது, மாடிப்படிக்குக் கீழே ஒண்டியிருந்த ஒற்றை அறை வீட்டிலும் கேட்டது. இருட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தத் துணியில் இருந்த ஓட்டை என் கண்ணில் படவே இல்லை.

ஆண்களும் முயன்று பார்த்தார்கள். வேலையில்லாத ஒரு வியாழக்கிழமை சென்னியப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடி, 'நான் அப்பவே சாப்ட்டேன்' என்று மூன்று தடவை சொன்னார். அவர் வயிறு கர்ரென்றது. இன்னொருத்தர் தட்டில் போட்டுவிட்டுத் தனக்கு இல்லாமல் நிற்கிறவள் சொன்னால்தான் பலிக்கும் என்பது எங்களுக்குப் போகப்போகத் தெரிந்தது. பொய்யானாலும் அதற்கும் ஒரு பழக்கம் வேண்டும் இல்லையா? எங்கள் அம்மாக்களும் அவர்களைப் பெற்றவர்களும் நாக்கிலேயே ஊறப்போட்டு வைத்திருந்த பொய் அது, ஊறி ஊறி ஒருநாள் மெய்யாகிவிட்டது, அவ்வளவுதான். அதற்கு மேல் காரணம் தேட எங்களுக்கு நேரமும் இல்லை, தேடிச் சொல்ல ஆளும் இல்லை.

இருபது நாள் வந்த அரிசி மூட்டை முப்பத்தைந்து நாள் வந்தது. ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று தை மாதம் மாரியம்மன் கோயிலில் பதினோரு வீட்டுப் பெண்களும் சேர்ந்து பொங்கல் வைத்தோம். ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இலை போட்டு, முந்திரி தேடித் தேடிப் பரிமாறிவிட்டு, பானை காலியானதும் பதினோரு பேரும் வரிசையாக நின்று 'நாங்க அப்பவே சாப்ட்டோம்' என்றோம். எங்களுக்குப் பசி தந்த சாமிக்கு, பசியை எடுத்துக்கொண்டதற்காகப் பொங்கல் வைத்த முட்டாள்கள் இந்த உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். அந்தப் பொங்கல் இனிப்பாக இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஊர் வாய்க்கு மூடி ஏது? விஷயம் வெளியே போனது. முதலில் ஒரு சங்கத்துக்காரர்கள் வந்து மேடை போட்டு, 'நெருக்கடியான காலத்தில் குடும்பத்தைத் தாங்கும் சிக்கனத் தாய்மார்கள்' என்று எங்களைப் பாராட்டி, ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள். நாலு அடுக்கு, நாலும் காலி. அடுத்து வீட்டுக்காரர் வந்தார், அதாவது வாடகை வாங்குகிறவர். 'சோத்துச் செலவு பாதியாயிருச்சாமா, நல்லா இருங்க' என்று வாழ்த்திவிட்டு முந்நூறு ரூபாய் ஏற்றிவிட்டுப் போனார். அதற்கடுத்து, துளசியும் நானும் எங்கள் காம்பவுண்டுப் பெண்கள் பலரும் வேலை பார்க்கிற கம்பெனியின் மேனேஜர். அவசர ஆர்டர் என்று ராத்திரி முழுக்க வேலை பார்க்கும் ஃபுல் நைட்டுக்கு எங்களுக்குத் தொண்ணூறு ரூபாய் சாப்பாட்டு பேட்டா உண்டு. நோட்டீஸ்கூட ஒட்டாமல், சம்பளக் கவரைக் கொடுக்கும்போது வாயாலேயே சொன்னார். 'லேடீஸுக்கு இனிமே பேட்டா கெடையாது. உங்களுக்குத்தான் பசிக்காதே, அப்புறம் எதுக்கு?'

'அப்படிச் சொல்றது வீட்டுல மிச்சம் புடிக்கறதுக்குங் சார்' என்றாள் துளசிமணி.

'நாங்களும் மிச்சம்தான புடிக்கறோம்' என்றார் அவர்.

இதைக் கேட்டுவிட்டு நாங்கள் என்ன செய்தோம் என்கிறீர்கள்? தலையை ஆட்டிவிட்டுக் கவரை வாங்கிக்கொண்டு வந்தோம். வயிறு நிறைந்தவனுக்குக் கோபம் வராது என்பார்கள், நிறையாமல் நிறைந்தவளுக்கும் வராது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இப்போது நினைத்தால் பற்களை நறநறவென்று கடிக்கிறேன். குழியில் விழுந்தவள் கையை நீட்டினால் அவள் வளையலைக் கழற்றிக்கொண்டு போகிற ஜனம் இது. எங்களுக்கு ஒரு அற்புதம் கிடைத்தது, அதில் அரிசி மிச்சமானது, மிச்சமான அரிசி வாடகையாகவும் பேட்டாவாகவும் வேறு யாரோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் பழையபடியே இருந்தோம், சாப்பாடு மட்டும் இல்லாமல்.

துளசிமணிக்கு இதிலெல்லாம் வருத்தம் இருந்தாலும் அவள் மனசு முழுக்க ஒரே ஒரு பயம்தான் இருந்தது. மகள் ரூபிகா ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஓட்டப்பந்தயத்தில் பள்ளிக்கூடத்துக்கே முதல், மெலிந்த உடம்பு, நல்ல பசி. அந்த வீட்டில் முதல் தட்டு அவளுக்குத்தான், சென்னியப்பனுக்குக்கூட அப்புறம்தான். 'இந்தப் பேச்சு என்ற புள்ள வாயில மட்டும் வரட்டும், நாக்கை இழுத்து வெச்சு ஓவர்லாக் அடிச்சுப்போடுவேன்' என்று, மிஷினில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லரான துளசிமணி எல்லாரும் கேட்கும்படி சொல்லி வைத்திருந்தாள். மாசி மாதம் மூன்றாம் நம்பர் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள், சமைக்கத் தெரியுமா என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, 'புள்ளைக்குச் சொல்ல வருமாங்?' என்று கேட்டார்கள். பெண்ணின் அம்மா பெருமையாக, 'அதெல்லாம் தை மாசமே வந்துருச்சுங்' என்றாள். துளசிமணி கையில் இருந்த காப்பித் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

பங்குனியில் நர்சம்மா வந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாதம் ஒருமுறை வருகிறவர். வரிசையாக விரலில் ஊசி குத்திப் பார்த்துவிட்டு முகம் மாறி, மிஷின்தான் கெட்டுவிட்டதோ என்று தன் விரலிலும் ஒருமுறை குத்திப் பார்த்துக்கொண்டார்.

'ரத்த அளவு பன்னெண்டு இருக்கணும். உங்கள்ல ஒருத்திக்கும் ஏழைத் தாண்டல. என்னம்மா சாப்படறீங்க?'

நாங்கள் சொன்னோம். அவரும் ஆச்சரியப்படவில்லை, அவரும் பெண்தானே. 'வயிறு நெறஞ்சுதுன்னு நீங்க சொன்னா வயிறு நம்பும். ரத்தம் நம்புமா?' என்று கேட்டார். சத்து மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, 'சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும்' என்றார். நாங்கள் சிரித்தோம். வேறு என்ன செய்ய?

சித்திரையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள், மதியச் சாப்பாடும் முட்டையும் நின்றன. வைகாசியில் ஒரு சனிக்கிழமை ஃபுல் நைட் முடித்துவிட்டுத் துளசிமணி ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தாள். நான் நேரெதிரே குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்ததால் நடந்ததை எல்லாம் கண்ணால் பார்த்தேன். ரூபிகா அம்மா வருவதற்குள் உப்புமா கிளறி வைத்திருந்தாள். வெங்காயம் சரியாக வதங்காத, பிள்ளைகள் செய்கிற உப்புமா. இருந்த கடைசி ரவை அது. அப்பாவுக்கு ஒரு தட்டில் போட்டாள். அம்மாவைக் கையைப் பிடித்து உட்காரவைத்து அவளுக்கு ஒரு தட்டில் போட்டாள். அதோடு வாணலி காலி.

'உனக்கு கண்ணு?' என்று துளசிமணி கேட்டாள்.

ரூபிகா வாணலியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், 'நான் அப்பவே சாப்ட்டேன்மா' என்றாள்.

ஏப்பம் வந்தது. பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினால் வருமே, அவ்வளவு சின்ன ஏப்பம்.

துளசிமணி எழுந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நான் ஈரக்கையோடு ஓடினேன். அவள் அடிக்கவில்லை. மகளைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்து வந்து, தட்டில் இருந்த உப்புமாவை உருட்டி அவள் வாயில் திணித்தாள். அந்தப் பிள்ளை மென்று பார்த்தது, முடியாமல் குமட்டிக் கீழே துப்பிவிட்டது. நிறைந்த வயிற்றில் எங்கே போகும்?

'பசிக்குதுன்னு சொல்லு. சொல்லுடி என்ற சாமி, பசிக்குதுன்னு ஒரே ஒருக்காச் சொல்லு.'

ரூபிகா அம்மாவையும் தட்டையும் பார்த்தாள். அழவில்லை. 'சொன்னா என்ன போடுவ?' என்று கேட்டாள்.

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, யாரும் மூடவில்லை. மேடை போட்டவர்களும் வாடகை ஏற்றியவரும் மேனேஜரும் ஒவ்வொருத்தராக என் நினைவில் வந்து போனார்கள். எனக்கு அவர்கள் மேல் வந்த ஆத்திரத்தைவிட என் மேல் வந்த ஆத்திரம் பெரிது. இந்தப் பொய்யை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தானே, தினமும் மூன்று வேளை, பாடம் மாதிரி.

துளசிமணி நடு வாசலில் நின்றாள். 'நான் சாப்புடல' என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிரசவ வலி எடுத்தவள்போல முன்னால் வளைந்தாள். வளைந்தவள் நிமிர்ந்து, இப்போது கத்தினாள். 'கார்த்திகையில இருந்து நான் சாப்புடல. எனக்குப் பசிக்குது. கேக்குதாங்க உங்களுக்கு? எனக்குப் பசிக்குது!'

கீழே சிந்தியதை விட்டுவிட்டுத் தட்டில் இருந்ததை நின்றபடியே அள்ளி அள்ளித் தின்றாள். வாசல்படியில் பாதித் தட்டோடு உட்கார்ந்திருந்த சென்னியப்பனிடம் போய், 'குடுங்க இங்க' என்று கையை நீட்டினாள். அவர் கொடுத்துவிட்டார். கல்யாணமான பதினாலு வருஷத்தில் அவள் சாப்பிடுவதை அவர் உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று பிறகு அவரே சொன்னார்.

நானும் சொன்னேன். 'நான் சாப்புடல' என்ற அந்த இரண்டே வார்த்தை, நாற்பத்தாறு வயது வரைக்கும் என் வாயில் வராத வார்த்தை. ஏழு மாதப் பசி எனக்குள் வந்து இறங்கியபோது கண் இருட்டியது, காது அடைத்தது, ஆனால் கூடவே கோபமும் வந்தது, ஜம்மென்று வந்தது, ஏழு மாதமாக எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. எட்டாம் நம்பர் சொன்னாள், மூன்றாம் நம்பர் சொன்னாள், அவள் மகளும் சொன்னாள். அன்று மதியம் எங்கள் காம்பவுண்டில் பெண்கள் முதலில் சாப்பிட்டோம். குழம்பு கொதித்து இறங்குவதற்குள் உப்புப் போட்டே ஒரு நடை சாப்பிட்டோம். ஆண்கள் வந்து குண்டாவை எட்டிப் பார்த்தபோது அடி தெரிந்தது.

அப்புறம்தான் வேடிக்கை. ஏழு மாதம் நாங்கள் பசியோடு இருந்தபோது அதற்குச் சிக்கனம் என்று பெயர், டிபன் கேரியர் கொடுத்தார்கள். ஒரே ஒரு மதியம் ஆண்கள் பசித்தார்கள், அதற்குப் பிரச்சினை என்று பெயர் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் கம்பெனி வாசலில் பேட்டாவைக் கேட்டு எங்களோடு அவர்களும் நின்றார்கள். மேனேஜர் வெளியே வந்து, 'இத்தன நாளா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே, இப்ப என்ன புதுசா?' என்றார்.

'சொல்லீட்டேதான் இருந்தோமுங் சார்' என்றாள் துளசிமணி. 'பொய்யாச் சொன்னோம், நீங்களும் நல்லா நம்புனீங்க. இப்ப நெசத்தச் சொல்றோம், இதையும் நம்புங்க.'

மிஷின்களை நிறுத்திவிட்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். அவசர ஆர்டருக்கு லாரி வந்து நின்றது. பேட்டா திரும்ப வந்தது. அதை ஏதோ தர்மம் போல அறிவித்தார்கள். வாடகை குறையவில்லை. வேலை அதே மூன்று நாள்தான். மீதி நாட்களில் சென்னியப்பன் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். வீட்டுக்கு வீடு அரை வயிறுதான், இருக்கிற சோற்றை எல்லாருக்குமாகப் பிரித்துப் போட்ட அரை வயிறு.

ரூபிகாவுக்கு மட்டும் பசி வரவில்லை. சொன்னால்தானே வரும்? அவள் சொல்ல மாட்டேன் என்றாள். முன்னால் வைத்த சோற்றைக் குருவி மாதிரி நாலு பருக்கை கொத்திவிட்டு, குண்டாவைப் பார்ப்பாள், அம்மாவைப் பார்ப்பாள், போதும் என்பாள். துளசிமணி ஒரு காரியம் செய்தாள். சோற்றுக் குண்டாவை நடுவில் இழுத்து வைத்து, மூடியை எடுத்து, மகள் கண் முன்னாலேயே முதலில் தன் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். பிள்ளை அம்மா விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நாலு நாளும் தான் சாப்பிட்ட ஒவ்வொரு வாயும் தொண்டையில் முள்ளாக இறங்கியது என்று துளசிமணி என்னிடம் சொன்னாள். ஆனாலும் சாப்பிட்டாள்.

ஐந்தாம் நாள் மதியம், வெயிலில் ஓடிவிட்டு வந்த ரூபிகா, செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

'அம்மா, பசிக்குது.'

'என்ன கண்ணு சொன்ன?'

'பசிக்குதுங்கறேன். காது கேக்கலையா? ஒரு மனுசி எத்தன தடவ சொல்றது? இன்னும் சோறாக்கலையா நீயி?'

எரிச்சலாகத்தான் கேட்டாள், கொஞ்சம் திமிராகக்கூட. குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நாங்கள் கையில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு நின்றோம். ஒரு குழந்தை பசிக்கிறது என்று கத்தியதற்காக ஒரு காம்பவுண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் துளசிமணி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஏழு மாதமாக எங்கள் காம்பவுண்டில் யாரும் யாரிடமும் ஒரு கரண்டி சோறு கேட்டதில்லை.

'அக்கா, ரெண்டு கரண்டி சோறு குடுங்க. புள்ள இன்னும் வேணும்ங்கறா.'

போட்டேன். மூன்றாவது கரண்டியையும் போட்டேன். அவள் என் குண்டாவை எட்டிப் பார்த்து, 'நீங்க சாப்ட்டாச்சுங்களாக்கா?' என்று கேட்டாள்.

பழக்கதோஷம், நாக்கு நுனிவரைக்கும் அது வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். 'இல்ல துளசி, இன்னும் சாப்புடல' என்றேன்.

'அப்பப் போட்டுக்குங்க' என்றாள்.

அவளுடைய மகள் அங்கே கிண்ணத்துக்குக் காத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் நான் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து முதல் வாயை விழுங்கும் வரை துளசிமணி என் வாசலை விட்டு நகரவில்லை.